பெய்ஜிங்: “முதியான்யு இதுதான், இறங்குங்கள்” என்று யாராவது சொன்னால் இறங்காதீர்கள்

பெருஞ்சுவர் பார்க்க முதியான்யு பகுதிக்குத் தனியாகப் போகிறவர்களுக்கு வழி எளிது. தோங்ஜிமென் பேருந்து நிலையத்தில் 916 எக்ஸ்பிரஸில் ஏறி ஹுவாய்ரோ ஊருக்குப் போகவேண்டும். அங்கே பெய்தாஜியே நிறுத்தத்தில் இறங்கி, எச் 23 போன்ற உள்ளூர் பஸ்ஸுக்கு மாறினால் சுவரின் அடிவாரம். ஏமாற்று நடப்பது இந்த இரண்டு பஸ்ஸுக்கும் நடுவில்.

916 ஹுவாய்ரோ ஊருக்குள் நுழைந்ததும், இறங்கவேண்டிய நிறுத்தத்துக்கு முன்னாலேயே ஒருவர் ஏறுவார். போக்குவரத்து ஊழியர் போலவே நீலச் சட்டை இருக்கும். சீனர்கள் யாரையும் கண்டுகொள்ளாமல், வெளிநாட்டு முகம் இருக்கும் இருக்கையாகப் பார்த்து வந்து, “முதியான்யு! முதியான்யு!” என்று கையை வேகமாக ஆட்டுவார். ஓட்டுநர் பெரும்பாலும் தலையிட மாட்டார். அதனாலேயே இவர் சொல்வது உண்மை என்று தோன்றிவிடும். பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினால் பஸ் போய்விடும். பக்கத்தில் ஒரு கார் நிற்கும். முதலில் சொல்லும் தொகை நியாயமாகவே இருக்கும். பாதி வழியில்தான் அது ஆளுக்கு என்றும், போவதற்கு மட்டும் என்றும், திரும்பி வர வேறு என்றும் கணக்கு மாறும். மலைப்பாதையில் இறங்கி நடக்க முடியாது என்பது அவருக்குத் தெரியும்.

இதற்கு ஒரே மருந்து, யார் கத்தினாலும் இருக்கையை விட்டு எழாமல் இருப்பது. பெய்ஜிங் பஸ்களில் சீருடை போட்ட யாரும் பயணியைத் தேடி வந்து இன்ன இடத்தில் இறங்கு என்று வற்புறுத்துவதில்லை. கைபேசியில் ஆப்பிள் மேப்ஸ் அல்லது ஆங்கிலத்திலும் கிடைக்கும் அமேப் செயலியைத் திறந்து, இறங்கும் நிறுத்தத்தின் பெயரைச் சீன எழுத்தில் ஓட்டுநரிடம் காட்டிவிட்டு உட்காருங்கள். கூகுள் மேப்ஸ் அங்கே முடக்கப்பட்டிருக்கிறது; வேறு வழியில் திறந்தாலும் இடக்குறி தள்ளித்தான் விழும். அதை நம்பிப் போகிறவர்கள்தான் முதலில் தடுமாறுகிறார்கள்.

சுவரின் இன்னொரு பகுதியான பாடாலிங்குக்குப் போகும் 877 பஸ்ஸில் தந்திரம் வேறு. ஜிஷுயிதான் மெட்ரோவிலிருந்து தெஷெங்மென் கோபுரம் வரை கொஞ்ச தூரம் நடக்கவேண்டும். அந்த நடையில்தான் ஆட்கள் நிற்பார்கள். “877 இன்றைக்கு இல்லை”, “டிக்கெட் தீர்ந்துவிட்டது”, “அந்த பஸ் இங்கிருந்து கிளம்புகிறது” என்று ஏதாவது ஒன்றைச் சொல்வார்கள். சிலர் கழுத்தில் அடையாள அட்டைகூடத் தொங்கும். நின்று பதில் சொல்லாமல் கோபுரத்துக்கு வடக்கே உள்ள நிறுத்தம் வரை போய், வரிசை இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். 877-க்குக் கட்டணம் 12 யுவான். இதைவிட நல்ல வழி ரயில். பெய்ஜிங் வடக்கு அல்லது ச்சிங்ஹே நிலையத்திலிருந்து ‘பாடாலிங் சாங்செங்’ நிலையத்துக்கு அதிவேக ரயில் ஓடுகிறது. 2019 கடைசியில் திறந்தது. அந்த நிலையம் தரைக்கு 102 மீட்டர் அடியில் இருக்கிறது. அரை மணி நேரப் பயணம். வெறும் ‘பாடாலிங்’ என்றும் பழைய பாதையில் ஒரு நிலையம் இருப்பதால், பதிவு செய்யும்போது முழுப் பெயரையும் பாருங்கள். ரயிலில் போனால் வழியில் மடக்க ஆளே இல்லை.

விடுதி வாசலிலும் தியானன்மென் சதுக்கத்தின் ஓரத்திலும் கொடுக்கும் ‘ஒரு நாள் சுற்றுலா’ துண்டுச்சீட்டைக் கையால் தொடவேண்டாம். விலை மலிவாக இருப்பதற்குக் காரணம், வண்டி நிற்கும் ஜேட் கல் கடையும் பட்டுக் கடையும் மருத்துவ நிலையமும் தரும் கமிஷன். இலவசமாகக் கால் பிடித்துவிட்டு, ‘மருத்துவர்’ நாடி பார்த்து ஈரல் கெட்டிருக்கிறது என்பார். மருந்து அந்த அறையிலேயே விற்கும். இத்தனையும் முடிந்து சுவருக்குப் போய்ச் சேரும்போது நேரம் இருக்காது. பாடாலிங் என்று சொல்லிவிட்டு, சுவரின் வேறொரு பகுதியான ஷுயிகுவானில் இறக்கிவிடுவதும் பழைய வழக்கம்.

இனி ரயில் டிக்கெட். நம்மவர்களுக்கு இங்கே தனியாக ஒரு தலைவலி உண்டு: பெயர். நம் பாஸ்போர்ட் பலவற்றில் ‘சர்நேம்’ கட்டம் காலியாக இருக்கும்; அப்பா பெயரும் சேர்த்து எல்லாம் ‘கிவன் நேம்’ வரியில் கிடக்கும். ஆனால் முன்பதிவுப் படிவம் குடும்பப் பெயர் இல்லாமல் நகராது. இடைத்தரகர்கள் அங்கே இனிஷியலையோ தோன்றிய வேறு எதையோ போட்டுப் பதிந்துவிடுவார்கள். வாயிலில் பிரச்சினை வந்ததும் ‘பெயர் திருத்தக் கட்டணம்’ கேட்பார்கள். அப்படி ஒரு திருத்தமே கிடையாது. சீன ரயில் டிக்கெட் ஆளின் பெயரோடும் பாஸ்போர்ட் எண்ணோடும் கட்டப்பட்டது. தவறு இருந்தால் ரத்து செய்து மறுபடி வாங்கவேண்டியதுதான். ஆகவே பணம் கட்டும் முன்பே பாஸ்போர்ட்டின் அடியில் உள்ள இரண்டு இயந்திர வரிகளோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். எண்ணில் ‘ஓ’ எழுத்தும் சுழியமும் மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

ரத்துக்கு ரயில்வேயின் பிடித்தம் இவ்வளவுதான்: புறப்பட 8 நாளும் அதற்கு மேலும் இருந்தால் ஒன்றுமில்லை, 48 மணி நேரம் வரை 5 சதவீதம், 24 முதல் 48 மணி வரை 10, அதற்கும் குறைந்தால் 20. 600 யுவான் டிக்கெட்டை 30 மணி நேரம் முன்னால் ரத்து செய்தால் போவது 60 யுவான். முகவர் 200 பிடித்தால், மீதி 140 அவர் பையில். ரயிலைத் தவறவிட்டால் பணம் திரும்பாது. ஆனாலும் அதே நாளில் இடமுள்ள வேறு ரயிலுக்கு ஒரு முறை மாற்றித் தருவார்கள். நிலையக் கவுண்டரில் கேளுங்கள். “உங்கள் டிக்கெட் செத்துவிட்டது, புதிதாக வாங்கு” என்று வெளியே நின்று சொல்பவர் பேச்சைக் கேட்கவேண்டாம்.

முன்பதிவு 15 நாள் முன்னால் திறக்கும். ரயில்வேயின் சொந்தச் செயலி 12306, ஆங்கிலத்திலும் இயங்கும், சேவைக் கட்டணம் இல்லை. பாஸ்போர்ட் சரிபார்ப்புக்கு நேரம் ஆகலாம் என்பதால் ஊரிலிருந்தே கணக்கைத் தொடங்கிவிடுங்கள். மற்ற செயலிகளில் ‘டிக்கெட் பிடித்துத் தரும் பொதி’ என்று கூடுதல் பணம் கேட்கும் பொத்தானை அழுத்தாதீர்கள். எந்த இடைத்தரகருக்கும் முன்னுரிமை இல்லை என்று ரயில்வே பலமுறை சொல்லிவிட்டது; காத்திருப்புப் பட்டியல் 12306-லேயே உண்டு. பயணத்துக்குக் காகிதச் சீட்டு தேவையில்லை, பாஸ்போர்ட்தான் சீட்டு. நிலையத்துக்கு வெளியே காகிதம் விற்பவரிடம் வாங்கினால் வாயிலைத் தாண்ட முடியாது.

நிலையத்தின் பெயரையும் கவனியுங்கள். ஷாங்காய்க்கு அதிவேக ரயில்கள் பெரும்பாலும் பெய்ஜிங் தெற்கிலிருந்து. ஷியான், குவாங்சோ பக்கம் மேற்கிலிருந்து. ஹார்பின் பக்கம் பெய்ஜிங் சாவ்யாங்கிலிருந்து. ‘பெய்ஜிங்’ என்று மட்டும் எழுதிய பழைய நிலையம் வேறு. பாதுகாப்புச் சோதனை உண்டு. ரயில் கிளம்பச் சில நிமிடம் முன்பே வாயிலை மூடிவிடுவார்கள். தானியங்கி வாயில் நம் பாஸ்போர்ட்டைப் படிக்காவிட்டால் ஊழியர் இருக்கும் வரிசைக்குப் போகவேண்டும். ஒரு மணி நேரம் முன்னால் போய்விடுங்கள்.

ரயிலை விட்டு வந்ததும் கூடத்திலேயே “டாக்ஸி?” என்று வருபவர் உரிமம் பெற்றவர் அல்ல. பலகை காட்டும் டாக்ஸி வரிசையில் நில்லுங்கள். உண்மையான பெய்ஜிங் டாக்ஸியின் எண்பலகையில் நகரின் சீன எழுத்தை அடுத்து ‘பி’ என்ற ஆங்கில எழுத்து இருக்கும். முதல் 3 கிலோமீட்டர் 13 யுவான், பிறகு கிலோமீட்டருக்கு 2.3, தூரமும் இரவும் கூடினால் கொஞ்சம் ஏறும். மீட்டர் போடாவிட்டால் ஏறாதீர்கள். 100 யுவான் தாளை நீட்டினால் சிலர் அதை மாற்றி, கள்ளத் தாளைத் திருப்பிக் கொடுத்து, “இது செல்லாது” என்பார்கள். கைபேசியில் பணம் கட்டும் அலிபே செயலியில் கட்டினால் இந்தச் சிக்கலே இல்லை. வெளிநாட்டு அட்டைக்கு 200 யுவானுக்கு மேல் 3 சதவீதம் பிடிப்பது மட்டும் உண்மையான கட்டணம். அது மோசடி அல்ல.

அரண்மனை அருங்காட்சியகத்துக்கு (பழைய பேரரசர்களின் ‘தடைசெய்யப்பட்ட நகரம்’) கட்டணம் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை 60, மற்ற மாதங்களில் 40 யுவான். 7 நாள் முன்னால் இரவு 8 மணிக்குத் திறக்கும் பதிவு கோடையில் சீக்கிரம் தீரும், திங்கட்கிழமை விடுமுறை. தியானன்மென் சதுக்கத்துக்குப் பதிவு கட்டாயம், ஆனால் இலவசம். அதற்குப் பணம் கேட்கும் எந்தத் தளமும் பொய். அரண்மனையின் வடக்கு வாயிலில் வெளியே வந்ததும் மூன்று சக்கர ரிக்‌ஷாக்காரர் மூன்று விரல் காட்டுவார். ஏறும்போது அது 3 யுவான். சந்துக்குள் போய் நிறுத்தியதும் 300. வாங்ஃபூஜிங் தெருவில் “ஆங்கிலம் பழக ஆசை” என்று சிரித்துப் பேசித் தேநீர்க் கடைக்கு அழைக்கும் இளம் பெண்களோடும் போகாதீர்கள். விலைப்பட்டியல் இல்லாமல் வரும் சிறு கிண்ணங்களுக்குப் பில் ஆயிரங்களில் வரும்; வாசலில் ஆள் நிற்பார்.

மாட்டிக்கொண்டால் அங்கேயே குரலை உயர்த்தி, போலீஸ் எண்ணான 110-ஐ அழையுங்கள். கைபேசியில் அந்த எண்ணை அழுத்திக் காட்டினாலே பல கடைகள் தொகையைக் குறைத்துவிடும். கடையின் பெயர்ப்பலகை, பில், வண்டி எண் மூன்றையும் படம் எடுங்கள். பிறகு புகார் செய்ய நகர அரசின் தொலைபேசி எண் 12345, ஆங்கிலத்திலும் பேசலாம்.