மாதம் 60 வெள்ளி ஜாகா: எங்கள் தாமான் காவல் சேவை எப்படி?

அந்தக் காசைக் கொடுக்கலாம். எங்கள் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) ஜாகா, அதாவது காவலாளி, போட வீட்டுக்கு மாதம் 60 வெள்ளி (ரிங்கிட்) வாங்குகிறார்கள், வாங்கும் காசுக்கு வேலை நடக்கிறது. பக்கத்துத் தாமான்காரர்கள் "அக்கா, உங்க ஜாகா எப்படி? நாங்களும் போடலாமா?" என்று புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) கேட்டுக்கொண்டே இருப்பதால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. ஒரே நிறுவனம் ஒரு தாமானில் ஒழுங்காகச் செய்யும், அடுத்த தாமானில் சொதப்பும். எதைப் பார்த்து ஆளை எடுப்பது என்பதைத் தெரிந்துகொண்டால் போதும், பெயர் பிறகு தானாகக் கிடைக்கும்.

எங்களுடையது கோலாலம்பூரில் ஜாலான் ஈப்போவிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் பழைய வரிசை வீட்டுத் தாமான். நான் மருத்துவமனைத் தாதி. மாலை ஷிப்ட் முடிந்து பஸ் பிடித்து இறங்கி, எங்கள் லோரோங்குக்குள் (சிறு தெருவுக்குள்) நுழையும்போது இரவு பத்து தாண்டியிருக்கும். கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பின்னால் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் சுவரோரம் ஒதுங்கி நின்று, அது கடந்த பிறகு நடப்பதுதான் பல வருடப் பழக்கம். அந்த நடையை வைத்துத்தான் இந்தச் சேவையை எடைபோடுகிறேன்.

இந்த ஜாகா ஏற்பாட்டுக்கு ஒரு தேர்தல் கதையும் உண்டு. 2022 நவம்பர் பொதுத்தேர்தலுக்கு முன்னால், பாதுகாப்பை மட்டுமே பேசி ஓட்டுக் கேட்ட வேட்பாளர் ஒருவர் எங்கள் பூப்பந்து மைதானத்துக்கு வந்தார். விளக்கு, கேமரா, போலீஸ் பொண்டோக் (சிறு காவல் சாவடி) எல்லாம் கொண்டு வருவேன் என்றார். முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுந்து, "ஐயா, போலீஸ் உங்க கையிலயா இருக்கு?" என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். போலீஸ் கூட்டரசின் (மத்திய அரசின்) கீழ், உள்துறை அமைச்சின் பொறுப்பில் இருக்கிறது. எங்கள் சாலையும் கால்வாயும் மாநகர் மன்றத்தின் பொறுப்பு. அதன் தலைவரான டத்தோ பண்டார் நியமிக்கப்படுகிறவர், நாங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை. 1952இல் இதே கோலாலம்பூரில் நகராண்மைத் தேர்தல் நடந்திருக்கிறது. 1961இல் அந்த மன்றத்தையே கலைத்து ஆணையர் ஆட்சிக்கு மாற்றினார்கள். மற்ற ஊர்களில் ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது. பினாங்குக்காரர்களுக்காவது சட்டமன்றத்துக்கு ஓர் ஓட்டு, நாடாளுமன்றத்துக்கு ஓர் ஓட்டு என்று இரண்டு இருக்கிறது. கூட்டரசுப் பிரதேசம் என்பதால் எங்களுக்கு நாடாளுமன்ற ஓட்டு ஒன்றுதான்.

அவர் மழுப்பவில்லை. "உத்தரவு போட முடியாது சார், கேட்டு வாங்கித் தர முடியும்" என்றார். பிறகு, நாங்கள் ஜாகா போடப் பேசிக்கொண்டிருப்பது தெரிந்து, "காசு கொடுக்குறதுக்கு முன்னாடி உள்துறை அமைச்சு கொடுத்த லைசென்ஸைக் காட்டச் சொல்லுங்க" என்றார். அவர் வெல்லவில்லை. ஆனால் அன்று மைதானத்தில் பேசியதிலேயே எங்களுக்கு உடனே கைகொடுத்தது அந்த ஒரு வரிதான். அதற்காக அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு.

தனியார் காவல் நிறுவனங்கள் 1971ஆம் ஆண்டின் தனியார் நிறுவனச் சட்டப்படி உரிமம் எடுத்தே தீர வேண்டும். வெளிநாட்டு ஆள் என்றால் நேப்பாளியரை மட்டும்தான் இந்த வேலைக்கு வைக்கலாம். எங்களிடம் முதலில் விலை கொடுத்தவர்கள் வீட்டுக்கு 45 வெள்ளி போதும் என்றார்கள். உரிமத்தைக் கேட்டதும் நாளைக்கு, அடுத்த வாரம் என்று இழுத்தார்கள், அப்புறம் போனையே எடுக்கவில்லை. இப்போது இருப்பவர்கள் உரிமத்தின் நகல், காப்புறுதிப் பத்திரம், ஆட்களின் பெர்மிட் எல்லாவற்றையும் முதல் கூட்டத்திலேயே மேசைமேல் வைத்தார்கள். விலை கூடுதலாக இருந்தாலும் நான் அவர்களுக்குத்தான் கை தூக்கினேன்.

நுழைவாயிலில் குறுக்கே ஏறி இறங்கும் கட்டையான பூம் கேட்டைப் பற்றி. ஜாகா என்றால் எல்லாருக்கும் முதலில் கண்ணில் படுவது அதுதான். என்னைக் கேட்டால் இந்தச் சேவையிலேயே ஆகக் குறைந்த பயன் உள்ளது அதுதான். தாமான் சாலை பொதுச் சாலை. வீடமைப்பு அமைச்சின் 2010 வழிகாட்டியின்படி, இதுபோன்ற காவல் குடியிருப்பில் ஜாகா யாரையும் உள்ளே விடாமல் தடுக்கக் கூடாது, அடையாளக் கார்டைக் கேட்கவும் கூடாது. தொடக்கத்தில் எங்கள் கேட்டில் வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் ஐசி வாங்கி வைத்தார்கள். சாப்பாடு கொண்டு வரும் பையன்கள் ஐசியைக் கொடுத்துவிட்டு உள்ளே வருவதைப் பார்க்கவே எனக்குப் பொறுக்கவில்லை. குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் சண்டை போட்டுத்தான் நிறுத்தினோம். இப்போது வண்டி எண்ணையும் போகும் வீட்டு எண்ணையும் எழுதிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். "நோம்போர் ரூமா?" (வீட்டு எண்?) என்று ஒரு கேள்வி. அது போதும். யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் கெட்ட எண்ணத்தோடு வருகிறவன் கொஞ்சம் யோசிப்பான்.

இன்னொன்று. அந்தக் கட்டை காரைத்தான் நிறுத்தும். மோட்டார் போக ஓரத்தில் இடம் விட்டிருக்கிறார்கள். சங்கிலி அறுக்கிறவன் காரிலா வருகிறான்?

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயிலுக்குக் கிளம்பிய பாட்டி ஒருவரின் சங்கிலியை அப்படித்தான் அறுத்தார்கள். ஒரே மோட்டார், இரண்டு பேர், அந்த ஓர இடைவெளி வழியாகவே வந்து அதே வழியாகப் போனார்கள். அன்று எனக்கு ஓய்வுநாள், சத்தம் கேட்டு ஓடினேன். பாட்டி சாலையில் உட்கார்ந்திருந்தார். முழங்கால் சிராய்த்து ரத்தம், கழுத்தில் சங்கிலி இழுத்த இடத்தில் சிவந்த கோடு, அர்ச்சனைத் தட்டிலிருந்த வெற்றிலையும் கற்பூரமும் தார்மேல் சிதறிக் கிடந்தன. எங்கள் ஜாகாவான நேப்பாளத் தம்பி அவர் பக்கத்தில் மண்டியிட்டு, தன் தொப்பியால் விசிறிக்கொண்டிருந்தான். மோட்டாரின் எண்ணை உள்ளங்கையில் பேனாவால் எழுதி வைத்திருந்தான். 999க்கு அழைத்தாயிற்று, கேட்டில் இருந்தவனுக்கு வாக்கி டாக்கியில் சொல்லியாயிற்று, வெயிலை மறைக்கிற மாதிரி உட்கார்ந்தும் ஆயிற்று. சங்கிலி திரும்பி வரவில்லை. ஆனால் பாட்டி புகார் கொடுக்கப் போனபோது எண்ணும் நேரமும் போன திசையும் கையில் இருந்தன. காயத்தைக் கழுவிக் கட்டும்போது அவர் என்னிடம், "அந்தப் பிள்ளை ஓடி வந்துச்சும்மா" என்று மறுபடி மறுபடி சொன்னார். 60 வெள்ளியில் எனக்குப் பெரிதாகப் படுவது அந்த ஓட்டம்தான்.

அந்தத் தம்பி சரியான நேரத்தில் அங்கே இருந்ததற்குக் காரணம் குளோக்கிங். ஒவ்வொரு லோரோங் முனையிலும் விளக்குக் கம்பத்தில் பத்து காசு அளவில் ஒரு இரும்புப் பொத்தான் ஒட்டியிருப்பார்கள். ஜாகா சுற்றி வரும்போது கையிலிருக்கும் கருவியை அதில் வைத்தால் 'பீப்' என்று ஒலித்து நேரம் பதிவாகும். மாதக் கடைசியில் அந்தப் பட்டியலைச் சங்கத்துக்குக் கொடுப்பார்கள். ஜாகா போடுகிறவர்கள் இந்தப் பட்டியலை வாங்கிப் படியுங்கள். நான் படித்தேன். இரவு முழுக்க ஒழுங்காக இருந்த பதிவு, விடியற்காலை மூன்றிலிருந்து ஐந்துவரை பல நாள் வெறுமையாக இருந்தது.

நிறைய பேர் கோபப்பட்டார்கள், ஆளை மாற்று என்றார்கள். எனக்கு அந்த நேரம் எப்படிப்பட்டது என்று தெரியும். இரவு ஷிப்டில் நாலு மணிக்குக் கண்ணிமை ஈயம் மாதிரி கனக்கும், வார்டில் நாங்கள் ஒருவரை ஒருவர் தட்டி எழுப்பிக்கொள்வோம். இரவு ஜாகா பிள்ளைகளுக்கு ஏழிலிருந்து காலை ஏழுவரை பன்னிரண்டு மணி நேர வேலை. பொண்டோக்கில் அப்போது காற்றாடிகூடக் கிடையாது. காற்றாடி, குடிதண்ணீர், நடுவில் அரை மணி நேரம் மாற்றி மாற்றி ஓய்வு என்று கேட்டு வாங்கினோம். பட்டியலில் அந்த இடைவெளி பெரும்பாலும் நிரம்பிவிட்டது. முழுதாக இல்லை. மழை நாளில் இப்போதும் ஓட்டை விழுகிறது, அதை நிறுவனம் சரிசெய்தாக வேண்டும்.

பின்பக்கச் சந்து இன்னொரு தலைவலி. அங்கே விளக்கு எரியாமல் கிடந்தது மாதக்கணக்கில். வீட்டுக்கு வீடு புகார் செய்தோம், 'பின்சந்தில் இருட்டு' என்று. எதுவும் நடக்கவில்லை. கடைசியில் ஜாகா தன் நோட்டில் எரியாத கம்பங்களின் எண்களை வரிசையாக எழுதிக் கொடுத்தான். கம்பத்தில் எண் அடித்திருப்பதை நாங்கள் யாருமே கவனித்ததில்லை. அந்த எண்களோடு மாநகர் மன்றத்துக்குப் போன புகாருக்கு ஆள் வந்தது, விளக்கும் வந்தது.

குறை சொல்ல வேண்டியவை: ஆட்களை அடிக்கடி மாற்றுகிறார்கள், ஒருவன் எங்கள் முகம் பழகுவதற்குள் வேறு இடத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். பொண்டோக் போனை எடுக்க நேரமாகிறது. மேற்பார்வையாளர் பகலில் மட்டும் வருகிறார், வரவேண்டியது இரவில்.

சங்கத்தின்மேலும் எனக்கு வருத்தம் உண்டு. பணம் கட்டாத வீடுகளுக்கு ஜாகா கேட்டைத் தூக்க வேண்டாம், அவர்களே இறங்கித் தூக்கிக்கொள்ளட்டும் என்று சிலர் சொல்கிறார்கள். அதற்கு ஆதாரமாக கோத்தா டாமன்சாரா வழக்கைக் காட்டுகிறார்கள். 2015இல் கூட்டரசு நீதிமன்றம், கட்டணம் கட்டாதவர் தானே கேட்டைத் திறந்துகொள்வது அசௌகரியம்தான், சட்டப்படி தடங்கல் ஆகாது என்று சொன்னது உண்மை. சட்டம் இடம் கொடுக்கிறது என்பதற்காக, பென்ஷன் பணத்தில் மருந்து வாங்கும் எழுபது வயதுக்காரரை மழையில் இறக்கிக் கட்டையைத் தூக்க வைப்பதா? சங்கிலி பறிகொடுத்த பாட்டியின் வீடும் பணம் கட்டாத வீடுதான். அந்தத் தம்பி ரசீது பார்த்துவிட்டா ஓடினான்? முடியாதவர்களுக்கு விலக்கு கொடுத்துவிட்டு, கார் மூன்று வைத்துக்கொண்டு கட்டாமல் இருக்கிறவர்களிடம் போய்க் கேளுங்கள்.

செலவில்லாமல் முடியாதா என்று கேட்பவர்களுக்கு: ருக்குன் தெத்தாங்கா என்ற அக்கம்பக்கத்தார் அமைப்பு 1975லிருந்து இருக்கிறது, 2012 சட்டத்தின் கீழ் தன்னார்வ ரோந்தும் அமைக்கலாம். எங்கள் அப்பா காலத்து ஆண்கள் தடியும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு சுற்றியதைப் பார்த்திருக்கிறேன். இப்போது பாதிப் பேருக்கு ஷிப்ட் வேலை, மீதிப் பேர் கிராப் வாடகைக் கார் ஓட்டுகிறார்கள். ஆள் சேர்கிற தாமான் என்றால் அதையே செய்யுங்கள்.

எங்கள் ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது. பின்வாசலுக்கு இரண்டாவது பூம் கேட் போடலாம் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. அந்தக் காசுக்கு விடியற்காலை மூன்றிலிருந்து ஆறு மணிவரை நடந்து சுற்ற இன்னொரு ஆளைப் போடச் சொல்லி நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதே நிறுவனத்தோடு நீட்டிக்க எனக்குச் சம்மதம், ஆனால் ஆட்களைக் குறைந்தது ஆறு மாதம் மாற்றக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதினால்தான் கையெழுத்து.