டோனிஸ் சோக்கோலோன்லி: சமமாக உடையாத சாக்லேட்

கடலை மிட்டாயானாலும் சாக்லேட்டானாலும், கோடு கிழித்த இடத்தில் உடைத்தால் ஒரே அளவுத் துண்டுகள் வரும் என்று நம்பியே கை வைக்கிறோம். நெதர்லாந்தின் டோனிஸ் சோக்கோலோன்லி நிறுவனம் விற்கும் 180 கிராம் சாக்லேட் அந்த நம்பிக்கையை வேண்டுமென்றே கெடுக்கிறது. ஒருவருக்குப் பெரிய துண்டும் அடுத்தவருக்குச் சிறு துணுக்கும் கிடைக்கும்படியே அதன் அச்சு செய்யப்பட்டிருக்கிறது. கொக்கோ வணிகத்தில் வருமானம் இப்படித்தான் பங்கிடப்படுகிறது என்பதைக் காட்டும் வடிவம் இது என்கிறார்கள். முதல் தடவை எனக்கு எரிச்சல்தான் வந்தது.

சுவையை முதலில் சொல்லிவிடுகிறேன். சிவப்பு உறையில் வரும் பால் சாக்லேட்டில் கொக்கோ 32 விழுக்காடு. இனிப்பு சற்றுத் தூக்கல். கட்டி தடிமனாக இருப்பதால் கடிப்பதைவிட வாயில் கரைய விடுவதே நல்லது. 70 விழுக்காடு கொக்கோ உள்ள டார்க் வகையில் கசப்பும் மணமும் அளவோடு நிற்கின்றன. என் தேர்வு அதுதான். சூப்பர் மார்க்கெட்டின் சாதாரண சாக்லேட்டைவிட விலை கூடுதல். அந்தக் கூடுதல் எங்கே போகிறது என்பதைப் பார்க்காமல் இந்தப் பொருளை மதிப்பிட முடியாது.

உலகின் கொக்கோவில் பாதிக்கும் மேல் ஐவரி கோஸ்ட், கானா ஆகிய இரு நாடுகளில் விளைகிறது. பெரும்பாலும் சில ஹெக்டேர் மட்டுமே உள்ள சிறு விவசாயிகள் பயிரிடும் அந்தக் கொக்கோவை, விரல் விட்டு எண்ணக்கூடிய பெருநிறுவனங்கள் வாங்கி அரைக்கின்றன. கிடைக்கும் விலையில் கூலியாள் வைக்க முடியாத குடும்பம் பிள்ளைகளைத் தோட்டத்துக்கு அனுப்புகிறது. 2001இல் பெரிய சாக்லேட் நிறுவனங்கள் ஹார்க்கின்–எங்கெல் உடன்பாட்டில் கையெழுத்திட்டு, குழந்தைத் தொழிலின் மிகக் கொடிய வடிவங்களை 2005க்குள் ஒழிப்பதாக வாக்களித்தன. கெடு 2008, 2010 என்று தள்ளிப்போனது. பிறகு இலக்கே 2020க்குள் 70 விழுக்காடு குறைப்பது என்று சுருங்கியது. அந்த 2020இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் நார்க் ஆய்வு மையம் வெளியிட்ட அறிக்கை, இவ்விரு நாடுகளின் கொக்கோ விளைச்சலில் சுமார் 15.6 இலட்சம் குழந்தைகள் வேலை செய்வதாகக் கணக்கிட்டது. பள்ளிக்கூடம் கட்டிய படங்களும் கிணறு வெட்டிய படங்களும் இந்த நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளில் குறைவின்றி இருக்கும். கொக்கோ விதைக்குக் கொடுக்கும் விலைதான் அப்படியே இருக்கும்.

டோனிஸ் கை வைப்பது அந்த விலையில். டியூன் வான் டி கோய்கன் என்ற டச்சுத் தொலைக்காட்சிச் செய்தியாளர், சாக்லேட் தின்றதால் தானும் குற்றத்துக்கு உடந்தை என்று தன்மீதே வழக்குப் போடச் சொன்னார். அதிலிருந்து 2005இல் பிறந்த நிறுவனம் இது. அரசு நிர்ணயிக்கும் விலை, ஃபேர்டிரேடு என்ற நியாய வணிகச் சான்றுக்கான கூடுதல் தொகை ஆகியவற்றுக்கு மேல், ஒரு விவசாயக் குடும்பம் கௌரவமாக வாழத் தேவையான வருமானத்தைக் கணக்கிட்டுத் தன் பங்காக இன்னொரு தொகையையும் இது சேர்த்துக் கொடுக்கிறது. எந்தக் கூட்டுறவுச் சங்கத்தின் விதை என்று தடம் அறிந்தே வாங்குகிறது. இதே முறையில் கொக்கோ வாங்கப் பிற நிறுவனங்களுக்கும் வழி திறந்து வைத்திருக்கிறது. நெதர்லாந்தின் ஆல்பர்ட் ஹைன் கடைத்தொடர் அப்படிச் சேர்ந்த ஒன்று.

கறையே இல்லையா என்றால், இருக்கிறது. இவர்களுக்குச் சாக்லேட் தயாரித்துக் கொடுப்பது, கொக்கோ வாங்கி அரைக்கும் அந்தப் பெருநிறுவனங்களில் ஒன்றான பாரி கேலபோ. அந்தத் தொடர்பைக் காரணம் காட்டி, 2021இல் அடிமை உழைப்பற்ற சாக்லேட் பட்டியல் ஒன்றிலிருந்து டோனிஸ் நீக்கப்பட்டது. தங்கள் விதை தனியாகவே பதப்படுத்தப்படுகிறது என்றும், பெரிய ஆலைக்குள் இருந்துகொண்டே அதன் வழக்கத்தை மாற்றுவதுதான் நோக்கம் என்றும் அவர்கள் விளக்கினார்கள். எனக்கு அந்த விளக்கம் முக்கால்வாசி ஏற்புடையது. தங்களுக்கு விதை தரும் குடும்பங்களிலேயே 1,701 குழந்தைத் தொழில் நிகழ்வுகளைக் கண்டதாக அவர்களே அறிக்கையில் எழுதினார்கள் என்பது அதைவிட முக்கியமாகப் படுகிறது. தேடினால்தானே கண்ணில் படும்.

ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன். குறைத்த ஒன்று பால் சாக்லேட்டின் இனிப்புக்காக. வாங்குபவர்கள் டார்க் வகையையே எடுக்கலாம்; வீட்டில் பிள்ளைகள் இருந்தால், பெரிய துண்டு யாருக்கு என்ற பஞ்சாயத்துக்கும் தயாராக இருக்க வேண்டும்.