வேலைக்கு நாலு ஸ்டார், பேச்சுக்கு ரெண்டு: மார்த்தாண்டத்தில் வரி ஃபைல் செய்த இடம்

மார்த்தாண்டம் மேம்பாலம் பக்கம் மாடியில் இருக்கும் சின்ன அலுவலகம். வருமான வரி ரிட்டர்ன் போட ஆள் தேடுகிறவர்கள் தாராளமாகப் போகலாம். ஃபார்ம் 16 (ஆபீஸில் தரும் சம்பள, வரிப் பிடித்தச் சான்று), பேங்க் வட்டி, மியூச்சுவல் ஃபண்ட் விற்ற கணக்கு எல்லாவற்றையும் வரித் துறையின் ஆண்டுத் தகவல் அறிக்கையான ஏஐஎஸ்ஸோடு ஒத்துப் பார்த்த பிறகே சப்மிட் செய்கிறார்கள், ரீஃபண்ட் ஆசை காட்டி இல்லாத கழிவைப் போட்டுவிடும் வேலை கிடையாது. என் ஃபண்ட் லாபம் ஒன்றேகால் லட்சத்துக்குள் இருந்தது. அதற்கு ஐடிஆர் 1 என்ற எளிய ரிட்டர்ன் படிவமே போதும், 2025-26 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து அப்படி வந்திருக்கிறது என்று கம்ப்யூட்டரில் இருந்த பெண்ணே சொல்லி, குறைந்த கட்டணம் வாங்கினார்.

குறை, உரிமையாளரின் பேச்சு. மருமகன் அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தில் இருக்கிறாராம். அங்கே 2025-ல் தனிநபர்களின் முதலீட்டு லாபத்துக்கு மாநில வரியை அடியோடு எடுத்துவிட்டார்கள். "சாரே, இங்கயும் அதுபோல எடுத்துக் களயணும், பின்ன பாருங்க" என்கிறார்.

எனக்கு இது கொஞ்சமும் சம்மதமில்லை. அதே மிசௌரியில் நர்ஸ் வேலை பார்ப்பவரும் லாரி ஓட்டுபவரும் சம்பளத்துக்கு 4.7 சதவீதம் வரை மாநில வரி கட்ட வேண்டும், பங்கு விற்றுக் கோடி பார்த்தவர் மட்டும் கையை வீசிக்கொண்டு போகலாம், இது என்ன நியாயம்? வாஷிங்டன் மாநிலம் நேர்மாறு. பெரிய முதலீட்டு லாபத்துக்கு 7 சதவீதத்திலிருந்து 9.9 சதவீதம் வரை போட்டு, பள்ளிக்கும் குழந்தைகள் பராமரிப்புக்கும் கொடுக்கிறார்கள். அதை ரத்து செய்யலாமா என்று 2024 நவம்பரில் வாக்கெடுப்பு நடந்தபோது, கூடாது என்றே பெரும்பான்மையோர் சொன்னார்கள்.

இங்கே ஏற்கெனவே சலுகைதான். 30 சதவீத ஸ்லாபில் இருப்பவர் எஃப்டி வட்டிக்கு அந்த முப்பதையும் கட்ட வேண்டும். ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருந்த பங்கை விற்றால் லாபத்தில் முதல் 1.25 லட்சத்துக்கு வரியே இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். அதையும் எடுத்துவிட்டால், அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலையில்) கொட்டை உடைக்கும் அக்காமார் சோப்பு வாங்கும்போது கட்டுகிற ஜிஎஸ்டியையும் எடுப்பார்களா? மத்திய அரசின் பகிர்வு வரியில் 41 சதவீதம் மாநிலங்களுக்கு வருகிறது, அங்கே குறைந்தால் நமக்கும் குறையும். இதைச் சொன்னேன். மனுஷர் மிக்சர் தட்டை என் பக்கம் நகர்த்தினார், பதில் வரவில்லை.

வீட்டுமனை விஷயத்தில் மட்டும் அவர் பேச்சை ஒத்துக்கொள்கிறேன். இருபது வருஷத்து விலைவாசி ஏற்றத்தைக் கழிக்காமல் முழு லாபத்துக்கும் வரி என்றால் அநியாயம் என்கிறார், சரிதான். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய சொத்து என்றால், விலைவாசி கழித்து 20 சதவீதம், கழிக்காமல் 12.5 சதவீதம், இதில் எது குறைவோ அதைக் கட்டினால் போதும். பத்திரத்தைக் கொண்டுபோனால் இரண்டு கணக்கையும் பேப்பரில் போட்டே காட்டுகிறார்.

ஜூலை கடைசியில் போகாதீர்கள், படிக்கட்டு வரை ஆள் நிற்கும். ஜூன் பாதியில் ஃபார்ம் 16 கைக்கு வந்ததும் போய்விடுங்கள்.