அம்மாவும் ரிங் ஃபிட்டும்: ரெண்டரை வருஷ அனுபவம்

அம்மாக்கு இப்ப 68. ரெண்டு முட்டியும் தேய்மானம், டாக்டர் நடக்கச் சொன்னாரு, ஆனா எங்க தெருவுல நாய்த்தொல்லை வேற, விழுந்துருவோமோன்னு பயந்து பயந்தே நடக்கிறத விட்டுட்டாங்க. அப்பதான் பையனோட நின்டெண்டோ ஸ்விட்ச் வீடியோ கேம் மெஷின்ல, உடற்பயிற்சி பண்ணிக்கிட்டே ஆடுற ரிங் ஃபிட் அட்வெஞ்சர்ங்கற கேம போட்டுப் பார்த்தோம்.

தெரியாதவங்களுக்கு சொல்றேன், கேமோட வர்ற வளையத்துல ஒரு ஜாய்-கான, அதாவது ஸ்விட்சோட சின்ன ரிமோட்ட சொருகணும், இன்னொன்ன இடது தொடையில பட்டை போட்டு கட்டணும், தொடை எவ்ளோ சாயுதுங்கறத வச்சுதான் கேம் ஸ்க்வாட்ட, அதாவது முட்டிய மடக்கி உக்காந்து எழறத எண்ணும். எங்களுக்கு முதல் சிக்கலே இந்தப் பட்டைதான். புடவை மேல கட்டினா வழுக்கி வழுக்கி முட்டிக்கு வந்துரும். சுடிதார் போட அம்மா மூணு நாள் யோசிச்சாங்க, இப்ப காபி குடிச்ச கையோட அவங்களே மாத்திட்டு வந்து நிக்கிறாங்க.

நான் பண்ணின பெரிய தப்பு, என் லெவல்லயே ஆட விட்டுட்டேன். ரெண்டாம் நாளே முட்டி வீங்கிருச்சு, ஒரு வாரம் ஒண்ணும் பண்ணல. அப்புறம் பிசியோகிட்ட கேட்டுட்டு அம்மாக்கு தனி ப்ரொஃபைல், லெவல் 30 வரைக்கும் இருக்கு, அதுல ரொம்ப கம்மியா வச்சு, சைலன்ட் மோடும் போட்டுட்டேன், ஓட வேண்டாம், லேசா முட்டிய மடக்கினா போதும். பக்கத்துல கனமான நாற்காலி கட்டாயம், பிளாஸ்டிக் சேர் வேண்டவே வேண்டாம்.

எடை பெருசா குறையல, அதுக்காக வாங்காதீங்க. ஆனா கைய மார்புக்கு குறுக்க கட்டிக்கிட்டு 30 செகண்ட்ல எத்தன தடவ சேர்ல இருந்து எழுந்து உக்கார முடியுதுன்னு ஒரு டெஸ்ட் இருக்கு, ஆரம்பத்துல 6, இப்ப 11. ஒத்தக்கால்ல நிக்கிற விருட்சாசனம் பண்றப்ப முன்னாடி நாற்காலிய ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிப்பாங்க, இப்ப ஒத்த விரல் சும்மா தொட்டுக்கிட்டு இருக்கு. 65 வயசுக்கு மேல வாரத்துல 3 நாளாவது பேலன்ஸுக்கும் தசை பலத்துக்கும் பயிற்சி வேணும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது, வெறும் நடைல அது முழுசா கிடைக்காது.

கேம்ல வர்ற டிராகன் கதையெல்லாம் அம்மாக்கு பிடிக்கல, கஸ்டம் மோட்ல நாங்களே பயிற்சிய வரிசையா போட்டு வச்சுட்டோம். சலிப்பு வந்தப்ப காப்பாத்தினது ஸ்விட்ச் ஸ்போர்ட்ஸ்ங்கற இன்னொரு கேம்ல இருக்கற பவுலிங், பந்த உருட்டி கட்டைகள விழ வைக்கிற ஆட்டம். எதிர்வீட்டு அத்தை சாயங்காலம் வந்துருவாங்க, ரெண்டு பேரும் மணிக்கட்டுல ஜாய்-கானோட கயிற மாட்டிக்கிட்டு, "ஏய், உன் பந்து ஓரமா போகுது பாரு"ன்னு ஒரே சத்தம். அத்தைக்கு 72, அவங்களுக்கும் ஒரு சுடிதார் தைக்கக் குடுத்திருக்கோம்.