சொல்தா தாத்தாவின் காகிதங்களைத் தேடிக் காரைக்காலில்

எங்கள் தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். காரைக்கால், புதுச்சேரிப் பக்கம் இப்படிப்பட்டவர்களை இன்றைக்கும் 'சொல்தா' என்றுதான் சொல்வார்கள். சொல்தா வீடு எது என்று கேட்டால் தெருமுனைக் கடைக்காரர்கூடக் கை காட்டுவார். ஆனால் அவர் எந்தப் படையில் இருந்தார், எங்கெல்லாம் போனார், என்ன வேலை பார்த்தார் என்று வீட்டில் கேட்டால் "சைகோனில் இருந்தார்" என்ற ஒற்றை வரிதான் பதிலாக வரும். பாரிஸ் புறநகரில் எங்கள் குடும்பம் வாழ்வதே அவர் வழியாக வந்த குடியுரிமையால்தான். அந்த மனிதரின் இளமைக் காலம் முழுவதும் ஒரு வரியோடு முடிந்துவிடக் கூடாது என்று எனக்குப் பட்டது. இந்த முறை ஊருக்குப் போனபோது கல்யாண அழைப்புகளைக் குறைத்துக்கொண்டு இதற்கு நேரம் ஒதுக்கினேன். இதே தேடலில் இருப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சொல்தாக்களின் பணிக்கோப்பு புதுச்சேரியில் இல்லை. அதிகாரிகள் அல்லாத சாதாரண வீரர்களின் கோப்புகளுக்குத் தெற்குப் பிரான்ஸில் உள்ள போ நகரத்தின் ராணுவப் பணியாளர் ஆவணக் காப்பகத்துக்கு எழுத வேண்டும். பெர்னாடோத் படைவீடு என்ற பழைய கட்டடத்தில் இருக்கிறது. அதிகாரிகளின் கோப்பு என்றால் பாரிஸுக்குப் பக்கத்தில் வின்சென் கோட்டை. அப்படியானால் ஊருக்கு ஏன் போக வேண்டும் என்று கேட்கலாம். போவுக்கு எழுதும் கடிதத்தில் முழுப்பெயர், பிறந்த தேதி, பிறந்த கொம்யூன் (நகராட்சி), முடிந்தால் மத்ரிக்குல் எண் (படையில் வீரருக்குக் கொடுத்த எண்), இவ்வளவும் பிரெஞ்சுக்காரர்கள் அன்றைக்கு எழுதிய அதே எழுத்துக்கூட்டலில் இருந்தால்தான் ஆளைச் சுலபமாகக் கண்டுபிடிப்பார்கள். அந்தத் தகவல் எல்லாம் ஊரில்தான் இருக்கிறது, பெரும்பாலும் யாரோ ஒரு அத்தையின் ட்ரங்குப் பெட்டியில்.

எங்கள் அத்தையின் பெட்டியும் அப்படித்தான். "அதெல்லாம் இப்போ எதுக்குடா?" என்று கேட்டுக்கொண்டேதான் திறந்தார். பென்ஷன் காகிதங்கள், பழைய ரேஷன் கார்டு, பாட்டியின் கல்யாணப் பத்திரம், அடியில் பச்சையும் மஞ்சளுமாக நாடா வைத்த ஒரு பதக்கம். அது 1953-ல் உருவாக்கப்பட்ட, வியட்நாம் பக்கம் நடந்த இந்தோசீனப் போரின் நினைவுப் பதக்கம். முதல் உலகப் போரில் பிரிட்டிஷார் கொடுத்த பதக்கங்களின் விளிம்பில் வீரரின் எண், பெயர், படைப்பிரிவு எல்லாம் பொறித்திருக்கும். பிரெஞ்சுப் பதக்கத்தில் அப்படி எதுவும் கிடையாது. பதக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு எங்கும் போக முடியாது. எங்களுக்குக் கைகொடுத்தது கையளவு ராணுவக் கையேடு ஒன்று. அட்டை கரையான் அரித்துப் போயிருந்தாலும் உள்பக்கத்தில் மத்ரிக்குல் எண் தெளிவாக இருந்தது.

அடுத்த வேலை பிறப்புப் பதிவு. பிரெஞ்சு ஆட்சியில் பதிவேடுகள் கொம்யூன் வாரியாக, பிரெஞ்சுப் பெயர்களில் இருந்தன. வில்லியனூர் அங்கே வில்நூர், திருமலைராயன்பட்டினம் லா கிராந்த் அல்தே. தாத்தா ஊரின் பிரெஞ்சுப் பெயர் தெரியாமல் இணையத்தில் தேடினால் ஒன்றும் அகப்படாது. 1776-ல் வெர்சாயில் போட்ட ஓர் அரசாணைப்படி காலனிகளின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளுக்கு ஒரு நகல் பிரான்ஸுக்குப் போயாக வேண்டும். அந்த நகல்கள் இன்று எக்ஸ் ஆன் புரோவான்ஸில் உள்ள கடல்கடந்த ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பழைய ஆண்டுகளின் பதிவேடுகளை இணையத்திலேயே பக்கம் பக்கமாகப் பார்க்கலாம். கொள்ளுத்தாத்தாவின் திருமணப் பதிவு எனக்கு அங்கேதான் கிடைத்தது. தாத்தா பிறந்தது 1927-ல். அவ்வளவு பிந்தைய பதிவுக்கு உள்ளூர் அலுவலகத்தையே நம்ப வேண்டியிருந்தது.

அந்த அலுவலகத்தில் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். காலையில் போனால் பதிவேடு வேறு அறையில், சாவி வைத்திருப்பவர் விடுப்பில். மறுபடி போனால், இறந்தவரின் வாரிசு என்பதற்குச் சான்று கொண்டுவா என்றார்கள். வாசலில் ஒரு புரோக்கர், பிரான்ஸிலிருந்து 'ஃபைல்' முழுவதையும் எடுத்துத் தருவதாகச் சொல்லிப் பெரிய தொகை கேட்டார். தயவுசெய்து கொடுக்காதீர்கள். போவுக்கு நாமே எழுதலாம், நான் அதற்குக் காசு எதுவும் கட்டவில்லை. கடைசியில் பிரெஞ்சு படிக்கத் தெரிந்த வயதான எழுத்தர் ஒருவர் பதிவேட்டைப் பிரித்து, நான் கேட்காமலேயே ஓரக்குறிப்பையும் சேர்த்து நகல் எடுத்துத் தந்தார். தாத்தாவின் திருமணம் அந்த ஓரத்தில்தான் குறிக்கப்பட்டிருந்தது. அப்படிப்பட்டவர்கள் ஓய்வுபெற்ற பிறகு அந்தப் பதிவேடுகளை யார் படிப்பார்கள் என்பது உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

காரைக்காலிலிருந்து சீர்காழி, சிதம்பரம், கடலூர் வழியாகப் புதுச்சேரிக்குப் பஸ். லாஸ்பேட்டை ஜீவானந்தபுரத்தில் இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தின் கிளை இருக்கிறது. பிரெஞ்சு நிர்வாகக் காகிதங்களைப் பார்க்க விரும்புகிறவர்கள் போகலாம். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் அறிமுகக் கடிதத்தோடு போக வேண்டும், அதைக் கிளம்புவதற்கு முன்பே வாங்கிக்கொள்ளுங்கள். தனி வீரரைத் தேடுவதற்கு அது முதல் இடம் அல்ல. பிரெஞ்சுத் துணைத் தூதரகமான கொன்சுலாவும் அப்படித்தான். முன்கூட்டியே ரான்தேவூ (சந்திக்கும் நேரம்) வாங்கித்தான் போக முடியும், வீரர்களின் பணிக்கோப்பு அங்கே கிடையாது.

எனக்கு உண்மையில் வழிகாட்டியவர் லால் பகதூர் சாஸ்திரி வீதியில், பழைய சொல்தாக்களின் சங்கமான 'ஃபுவாயே துய் சொல்தா' பக்கத்தில் சந்தித்த ஒரு பெரியவர். அறுபதுகளில் படையில் சேர்ந்தவர். என் கையில் இருந்த கையேட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, உங்க தாத்தா 15 வருஷம் முடிச்சிருக்காரா, அதை முதல்ல பாருங்க" என்றார். அதிகாரி அல்லாதவர்களுக்கு 15 வருடப் பணி முடிந்தால்தான் பென்ஷன். அதனால்தான் பலர் ஒப்பந்தத்தை மறுபடி மறுபடி நீட்டித்துக்கொண்டே போனார்களாம். இன்னொன்றும் சொன்னார். பலர் 'மெமுவார் தெ ஸோம்' இணையதளத்தில் பெயரைப் போட்டுப் பார்த்துவிட்டு, இல்லை என்றதும் விட்டுவிடுகிறார்கள். அதில் பெரும்பகுதி போரில் இறந்தவர்களின் பட்டியல். உயிரோடு திரும்பியவரின் பெயர் அங்கே இல்லாததில் ஆச்சரியம் எதுவும் இல்லை. இரண்டாம் உலகப் போரில் சுதந்திர பிரான்ஸ் படையிலோ எதிர்ப்பு இயக்கத்திலோ இருந்தவர்கள் என்றால் வின்சென்னில் '16 பி' (16 P) என்ற வரிசையில் தனிக்கோப்பு இருக்கலாம், அந்தப் பெயர்ப்பட்டியலையும் அதே தளத்தில் பார்க்கலாம்.

பாரிஸ் திரும்பியதும் போவுக்கு எழுதினேன். கோப்பின் கடைசிக் காகிதத்திலிருந்து 50 ஆண்டு கடந்திருந்தால் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். மருத்துவக் காகிதங்களுக்கு வேறு கணக்கு: இறந்த தேதியிலிருந்து 25 ஆண்டு, அது தெரியாவிட்டால் பிறந்ததிலிருந்து 120. பல மாதம் கழித்துப் பணி விவரத் தாளின் நகல் வந்தது.

1948-ல் காலனியக் காலாட்படையில் சேர்ந்திருக்கிறார். மறு ஆண்டு சைகோன். வேலை எழுத்தர். துப்பாக்கியோடு நிற்கும் தாத்தாவையே கற்பனை செய்து வளர்ந்த என் தம்பிக்கு இதில் கொஞ்சம் வருத்தம். எனக்கு இல்லை. ஒரு படைப்பிரிவின் சம்பளப் பட்டியலையும் சாமான் கணக்கையும் தமிழ்ப் பையன் ஒருவன் பிரெஞ்சில் எழுதிக்கொண்டிருந்தான் என்பதே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. விடுப்புத் தேதிகளையும் பிள்ளைகளின் பிறந்தநாளையும் அத்தையோடு போனில் ஒப்பிட்டுப் பார்த்தோம். 1953 விடுப்புக்கு அடுத்த ஆண்டு அப்பா, 1955 விடுப்புக்கு அடுத்த ஆண்டு அத்தை. முதல் விடுப்பு முடிந்து கிளம்பியபோது காரைக்காலில் பிரெஞ்சு ஆட்சி. அடுத்த விடுப்பில் வந்து இறங்கியபோது இந்திய நிர்வாகம், ஏனென்றால் இடையில் 1954 நவம்பர் 1 வந்து போயிருந்தது. இரண்டு விடுப்புக்கு நடுவில் சொந்த ஊரின் கொடியே மாறிப்போன ஒருவர், அதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை சொன்னதாக யாருக்கும் நினைவில்லை.

பிறகு அல்ஜீரியா. 1958-க்குப் பிறகு படையின் பெயர் 'கடற்படைக் காலாட்படை' என்று மாறுகிறது. ஆட்கள் அதே ஆட்கள்தான், பெயரைப் பார்த்துக் கப்பற்படை என்று நினைத்துவிட வேண்டாம். 1962-ல் தென்பிரான்ஸின் ஃப்ரெஜுஸ் படைமுகாமில் இருக்கிறார். எங்கள் குடும்பத்துக்கு இந்த ஒரு வரிதான் எல்லாம். 1962 ஆகஸ்ட் 16-ல், பிரெஞ்சுப் பகுதிகளைச் சட்டப்படி இந்தியாவிடம் கொடுக்கும் ஒப்படைப்பு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சிந்தியாவில் பிறந்து அங்கேயே குடியிருந்தவர்கள் இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் 6 மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். வெளிநாட்டில் குடியிருந்தவர்களுக்கு அது தானாகவே தொடர்ந்தது. தாத்தா எங்கேயோ போய்க் கையெழுத்துப் போட்டுத்தான் குடியுரிமை வாங்கினார் என்று நாங்கள் நம்பியிருந்தோம். அப்படி ஒரு கையெழுத்துக்குக் கோப்பில் அடையாளமே இல்லை. குடியுரிமைச் சான்றிதழுக்காக அலைகிற குடும்பங்கள் அந்த ஆகஸ்ட் மாதத்தில் தங்கள் தாத்தா எங்கே இருந்தார் என்பதை முதலில் தேடட்டும்.

1963-ல் 15 வருடம் முடிந்து விலகுகிறார், நன்னடத்தைச் சான்றோடு. அவருடைய பிரிவு சைகோனில் அன்றாடம் என்ன செய்தது என்பது பணிக்கோப்பில் வராது. அதற்கு வின்சென்னில் '10 எச்' என்ற இந்தோசீன வரிசையைப் பார்க்க வேண்டும். வாசிப்பறையில் இடத்தையும் பெட்டிகளையும் முன்பதிவு செய்துவிட்டேன். அத்தை தன் பங்குக்குக் கேள்விகளை ஒரு தாளில் எழுதி வாட்ஸ்ஆப்பில் அனுப்பியிருக்கிறார்.