செஸ்ட்நட்டா, கேத்தமா, புக்கிட் தீமாவா: பயம் தெளியாதவர் எந்தத் தடத்தில் தொடங்குவது?

சிங்கப்பூரில் புதிதாக மவுண்டன் பைக் வாங்கியவர் காதில் முதலில் விழும் பெயர்கள் மூன்று: செஸ்ட்நட் இயற்கைப் பூங்கா, புலாவ் உபின் தீவில் இருக்கும் கேத்தம், புக்கிட் தீமா. நீளத்தை மட்டும் பார்த்தால் புக்கிட் தீமாதான் சின்னது, சுமார் 6 கிலோமீட்டர். செஸ்ட்நட் 8.2, கேத்தம் சுமார் 10. சின்னதில் ஆரம்பித்துப் பெரியதுக்குப் போகலாம் என்று கணக்குப் போட்டால் மாட்டிக்கொள்வோம். மூன்றில் குட்டியானதுதான் மூன்றிலும் முரடு.

நீளம் காலுக்குத்தான் கஷ்டம். பயம் வருவது வேறு இடத்திலிருந்து: தடத்தில் தவிர்க்கவே முடியாத மிக மோசமான ஒரு இடம் எவ்வளவு மோசம், அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு போக இடம் இருக்கிறதா, வேண்டாம் என்று தோன்றினால் நடுவிலேயே வெளியேற முடியுமா. இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் தடத்தைத் தேர்ந்தெடுப்பது பெரிய காரியமில்லை.

நிறப் பலகை சொல்வதும் சொல்லாததும்

தடத்தின் தொடக்கத்திலும் பிரிவுகளிலும் நிற்கும் பலகைகள் அனைத்துலக மலைச் சைக்கிள் சங்கத்தின் தர வரிசையை ஒட்டியவை: பச்சை வட்டம், நீலச் சதுரம், கறுப்பு வைரம், இரட்டைக் கறுப்பு வைரம். இதற்குப் பின்னால் அளவுகள் இருக்கின்றன. பச்சையில் பாதை 90 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது, தவிர்க்க முடியாத தடை 5 சென்டிமீட்டருக்கு மேல் கூடாது. நீலத்தில் அகலம் 60க்கு இறங்கும், தடை 20 வரை போகும். கறுப்பில் அகலம் 30, தடை 38. சராசரிச் சரிவு பச்சையில் 5 விழுக்காட்டுக்குள், நீலத்தில் 10க்குள், கறுப்பில் 15க்குள்.

இதில் 20 சென்டிமீட்டர் என்பதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். வீவக அடுக்குமாடி வீட்டின் மாடிப்படி ஒன்றைவிடச் சற்று உயரம். பச்சையிலிருந்து நீலத்துக்குத் தாவும்போது தடை நான்கு மடங்காகிறது; பலகையில் தெரிவதோ ஒரே ஒரு நிற மாற்றம். பூங்கா இணைப்புப் பாதையில் மணிக்கணக்கில் ஓட்டிப் பழகியவர்கூட முதல் நீலத்தில் திணறுவது இதனால்தான். தெம்பு குறைந்தவரிடம் "நீலம்தானே, சும்மா வா" என்று சொல்லும் நண்பரின் பேச்சை நம்ப வேண்டாம்.

பலகை சொல்லாத விஷயம் ஒன்று உண்டு: மழை. மழை எந்த நேரத்திலும் கொட்டக்கூடிய ஊரில் காலையில் நீலமாக இருந்த சரிவு மாலையில் கறுப்பாகிவிடும். நிறத்தோடு தரையையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். மூன்று இடங்களுக்கும் உண்மையான வித்தியாசம் தரையில்தான் இருக்கிறது: செஸ்ட்நட்டில் வேரும் களிமண்ணும், கேத்தமில் உதிரிச் சரளை, புக்கிட் தீமாவில் பாறை.

செஸ்ட்நட்: வேரைப் பழக

தெற்குப் பகுதி 2016இல் திறந்தது, வடக்குப் பகுதி 2017இல். தெற்கில் சைக்கிள் தடம் 1.6 கிலோமீட்டர், வடக்கில் 6.6. நடப்பவர்களுக்குத் தனித் தடம், சைக்கிளுக்குத் தனித் தடம். தயங்கித் தயங்கி ஓட்டுபவருக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது. வளைவுக்கு அந்தப் பக்கம் குழந்தையோடு யாராவது நடந்து வருவார்களோ என்ற கவலை இல்லை. கவலை போனால் கண் தரைக்குத் திரும்பும்.

தடம் காட்டுக்குள் ஏறி இறங்கி வளைகிறது. ஏற்ற இறக்கம் பெரும்பாலும் குட்டையானவை என்பதால் ஒரு சரிவில் தடுமாறினாலும் அடுத்த ஏற்றம் வேகத்தைத் தானாகவே குறைத்துவிடும். இங்கே சிக்கல் வேர்தான். பாதையைக் குறுக்கே வெட்டும் வேரில் சக்கரம் செங்குத்தாக ஏறினால் ஒன்றும் ஆகாது. சாய்வாக ஏறினால் முன்சக்கரம் வேரின் நீளவாக்கிலேயே வழுக்கிப் போகும், ஓட்டுபவர் பக்கவாட்டில் விழுவார். வேரின் மேல் இருக்கும்போது பிரேக் பிடித்தாலும் இதே கதி. வேருக்கு ஒரு சைக்கிள் நீளம் முன்பே வேகத்தைக் குறைத்து, பிரேக்கை விட்டு, நேராகக் கடந்து, அதன் பிறகு வேண்டுமானால் மறுபடி பிடிக்கலாம். சக்கரம் வேரின் மேல் இருக்கும் அந்தக் கணத்தில் விரல் பிரேக் லீவரை அழுத்தாமல் இருப்பதுதான் வித்தை. பயத்தில் விரல் தானாகவே அழுத்தும். நேரானதொரு வேரைத் தேர்ந்து திரும்பத் திரும்பக் கடந்தால் அந்தப் பழக்கம் போகும்.

இங்கே பம்ப் டிராக்கும், அதாவது வரிசையாக மேடுகள் அமைத்த பயிற்சித் தடமும், இருக்கிறது. பலர் அதைச் சிறுவர் விளையாட்டு என்று ஒதுக்கிவிட்டு நேரே காட்டுக்குள் போய்விடுகிறார்கள். மிதிக்காமல், முழங்கையையும் முழங்காலையும் மடக்கி நீட்டி மட்டுமே மேடுகளைக் கடக்கப் பழகுவது அங்கேதான். காட்டில் ஒரு மேட்டைத் தப்பாகக் கடந்தால் திரும்பிப் போய் மறுபடி முயல யாரும் மெனக்கெடுவதில்லை. இங்கே அதே மேடு அரை நிமிடத்தில் மறுபடி வரும். பயம் அதிகமானவர் முதல் அரைமணி நேரத்தை இங்கேயே செலவழிக்கலாம்.

கேத்தம்: சரளையும் படகும்

புலாவ் உபினில் பழைய கேத்தம் குவாரியைச் சுற்றி 45 ஹெக்டரில் 2008இல் திறந்த பூங்கா. நீலச் சதுரத்தில் தொடங்கி இரட்டைக் கறுப்பு வைரம் வரை எல்லாம் இருக்கிறது. இதுதான் இதன் பலம், தொல்லையும் இதுதான். ஒரே பூங்காவுக்குள் தரம் மாறுவதால், பிரிவுப் பலகையைக் கவனிக்காமல் முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு போனால் வைரத்துக்குள் நுழைந்துவிடுவோம். ஒவ்வொரு பிரிவிலும் ஒரு காலை ஊன்றி நின்று பலகையைப் படிக்க வேண்டும். கூட்டமாகப் போகும்போது இதைச் செய்யக் கூச்சமாக இருந்தால், கடைசி ஆளாகப் போவது உத்தமம்.

இங்கே சிக்கல் உதிரிக் கல். நேர்ச் சரிவில் சரளை பெரிதாகத் தொல்லை தராது. வளைவில் முன் பிரேக்கைப் பிடித்தால்தான் முன்சக்கரம் வெளிப்பக்கம் நழுவும், அதுவும் முன்னறிவிப்பே இல்லாமல். வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் பிடித்து வேகத்தைக் கொட்டிவிட்டு, வளையும்போது வெளிப்பக்கப் பெடலைக் கீழே வைத்து அதன் மேல் எடையை ஊன்றி, பார்வையை வளைவின் முடிவில் வைத்தால் சைக்கிள் சுற்றிவிடும். பார்வை எங்கே போகிறதோ சக்கரமும் அங்கே போகும். ஓரத்துப் பள்ளத்தைப் பார்த்து அஞ்சியவர் அந்தப் பள்ளத்திலேயே போய் விழுவது இதனால்தான்.

சாங்கி பாயிண்ட் படகுத்துறையிலிருந்து பத்து நிமிடப் பயணம். ஆளுக்கு 4 வெள்ளி, சைக்கிளுக்கு 2 வெள்ளி, ரொக்கமாகக் கொண்டுபோவது நல்லது. 12 பேர் சேர்ந்தால்தான் படகு கிளம்பும். படகில் சைக்கிளை ஏற்றி இறக்குவதுகூட முதல் தடவை ஒரு சோதனைதான்: பெடல் அடுத்தவர் காலில் இடிக்காமல், படகின் ஆட்டத்தோடு ஆடாமல் தூக்கிக் கொடுக்க வேண்டும். இறங்குதுறைக்குப் பக்கத்திலேயே வாடகை சைக்கிள் கடைகள் உண்டு. ஆனால் வாடகைக்குக் கிடைப்பது பெரும்பாலும் கிராமத்துச் சாலையைச் சுற்ற ஏற்ற சைக்கிள்கள். தடத்துக்கு எடுப்பதானால் லீவரை அழுத்திப் பாருங்கள்: ஹேண்டில்பாரைத் தொடும் வரை வந்தால் அந்த சைக்கிள் வேண்டாம். முன்சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், சீட் உயரம் மாறுகிறதா பாருங்கள். மூன்றில் ஒன்று தவறினாலும் அடுத்த கடைக்குப் போங்கள்.

கேத்தமின் உண்மையான குறை தடத்தில் இல்லை, கடலில் இருக்கிறது. விழுந்து மணிக்கட்டு முறிந்தால் செஸ்ட்நட்டில் சாலை பக்கத்தில். இங்கே தீவைத் தாண்டிப் படகைப் பிடிக்க வேண்டும். இந்த எண்ணமே சிலரை இறுகிப் பிடிக்க வைக்கும், இறுகிப் பிடிப்பவர்தான் விழுவார். இரண்டாவது இடமாக வைத்துக்கொள்வதற்கு இது போதுமான காரணம். தனியாகப் போகாதீர்கள். வெயில் படும் பகுதிகள் நிறைய என்பதால் ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கேத்தம் செஸ்ட்நட்டை முந்துகிறது. முந்தின நாள் மழை பெய்திருந்தால், மரநிழலில் ஈரம் பிடித்துக்கிடக்கும் வேரைவிட, வெயில் படும் சரளை சீக்கிரம் காயும். மழைக்கு மறுநாள் காலை வழுக்கும் வேரோடு மல்லுக்கட்டுவதைவிடப் படகேறுவது மேல். கனமழைக்குப் பின் தடங்கள் மூடப்பட்டிருக்கவும் கூடும். கிளம்பும் முன் தேசியப் பூங்காக் கழகத்தின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.

புக்கிட் தீமா: பாறைக்குப் பேரம் இல்லை

இயற்கை வனத்தின் விளிம்பை ஒட்டி ஓடும் தடம். பழையது, முரடானது. பாறைகள் நிலத்தோடு பதிந்து கிடக்கின்றன, உருண்டு வழி விடாது. வேர் மன்னிக்கும், சரளை சில சமயம் மன்னிக்கும். பாறையில் பெடல் இடித்தால் சைக்கிள் அங்கேயே நிற்கும், ஆள் முன்னால் போவார். பெடல் மாட்டிய தண்டான கிராங்கைக் கிடைமட்டமாக வைத்து, இரண்டு பெடலும் ஒரே உயரத்தில் இருக்க, சீட்டிலிருந்து எழுந்து நின்று கடக்க வேண்டும். அதற்குக் குறைந்தபட்ச வேகமும் வேண்டும். தயங்கி மெதுவாகப் போனால் முன்சக்கரம் இரண்டு கற்களுக்கு நடுவில் சிக்கி நின்றுவிடும். பயந்தவர் செய்யும் இயல்பான காரியமே, அதாவது வேகத்தைக் குறைப்பதே, இங்கே விழக் காரணமாகிறது. முதல் தடமாக இது ஒத்துவராது என்று சொல்வதற்கு இது ஒன்றே போதும்.

எப்போது போகலாம்? செஸ்ட்நட்டின் வடக்குப் பகுதியைக் கால் ஊன்றாமல் ஒரு சுற்று முடிக்க முடிந்து, முடித்த பிறகு முன்கை மரத்துப்போகாமல் இருந்தால் போகலாம். முன்கை மரத்துப்போகிறதென்றால் இன்னும் பிரேக்கைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு ஓட்டுகிறீர்கள் என்று அர்த்தம். போகும்போதும் முதல் தடவை பாறைப் பகுதிகளில் இறங்கி நடந்து, மேலிருந்து எந்தக் கோட்டில் போகலாம் என்று பார்த்துவிட்டு ஓட்டுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நன்றாக ஓட்டுபவர்களும் அதைத்தான் செய்கிறார்கள். தடத்தை விட்டு விலகி நடைபாதையில் மட்டும் சைக்கிளை விடாதீர்கள், அது வனப்பகுதி, அங்கே அனுமதி இல்லை.

எந்தத் தடமானாலும் சைக்கிளில் மாற்ற வேண்டியவை

சாலைக்குச் சரியான சீட் உயரம் இறக்கத்துக்குத் தப்பு. ஓட்டும்போதே சீட்டை ஏற்றி இறக்கும் டிராப்பர் இல்லாத சைக்கிள் என்றால் இறக்கத்துக்கு முன் சீட்டை ஐந்து முதல் எட்டு சென்டிமீட்டர் இறக்குங்கள். சீட் கீழே போனால் உடம்பைப் பின்னாலும் கீழேயும் நகர்த்த இடம் கிடைக்கும், தலைகுப்புற விழும் பயம் பாதியாகும். இதைவிட மலிவான தைரியம் கடையில் கிடைக்காது.

டயர் அழுத்தம் இரண்டாவது. டயரின் பக்கத்தில் அச்சடித்திருக்கும் உச்ச அளவு வரை அடித்து வைத்திருப்பவர்கள் ஏராளம். அது கல்மேல் பந்து மாதிரி துள்ளும், பிடிமானம் இருக்காது. 70 கிலோ எடையுள்ளவருக்கு 2.3 அங்குல டயரில், உள்ளே டியூப் இருந்தால் 26 முதல் 30 பிஎஸ்ஐ, டியூப்லெஸ் என்றால் 22 முதல் 26 வரை ஆரம்ப அளவாக வைக்கலாம். முன்டயரில் இரண்டு பிஎஸ்ஐ குறைவாக. டியூபோடு இன்னும் இறக்கினால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் நசுங்கி, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஓட்டை விழும். புக்கிட் தீமாவில் இது நடந்தால் ஒரே மாற்று டியூபோடு போனவர் தள்ளிக்கொண்டுதான் திரும்ப வேண்டும்.

லீவருக்கு ஒரே ஒரு விரல். மற்ற மூன்றும் ஹேண்டில்பாரில் இருக்கட்டும். ஒரு விரல் எட்டவில்லையென்றால் லீவரின் எட்டுதூரத் திருகைத் திருப்பினால் கிட்டே வரும். காலணியைப் பூட்டிக்கொள்ளும் கிளிப் பெடல் இருந்தால் கழற்றிவிட்டுச் சாதாரணத் தட்டைப் பெடல் மாட்டுங்கள், கால் எடுக்க முடியும் என்று தெரிந்தால்தான் கால் பெடலில் நிற்கும்.

பயணம் பற்றி ஒன்று: முழு அளவு மவுண்டன் பைக்கை எம்ஆர்டியில் ஏற்ற முடியாது, மடக்கு சைக்கிளுக்கு மட்டும்தான் அனுமதி. கார் இல்லாதவருக்கு மூன்று இடமும் ஓட்டியே போக வேண்டிய இடங்கள்தான். அப்போது சாலையில் கரைந்த தெம்பையும் கணக்கில் சேர்த்து, செஸ்ட்நட்டில் முதலில் தெற்கின் 1.6 கிலோமீட்டர் மட்டும் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். களைத்த காலும் மரத்த கையுமாக வடக்குக்குள் நுழைந்தால், பாதி வழியில் வரும் இறக்கத்தில் செய்யும் தப்பைத் தடத்தின் மேல் போடக்கூடாது.