அம்பாசடர் எஞ்சின்: குடைவதா, ஹெட்டைத் திருத்துவதா, மாற்றிவிடுவதா?

புதுச்சேரி முதலியார்பேட்டையில் நிற்கும் எங்கள் அம்பாசடர், கடலூர் கேப்பர் மலை ஏற்றத்தை நான்காம் கியரிலேயே ஏறிய காலம் உண்டு. போன ஆண்டு மூன்றாம் கியரில் போட்டும் திணறியது. பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரர் நீலப் புகைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு, எங்களை ஒரு முறை முறைத்துவிட்டுக் கடந்து போனார். எஞ்சினை இறக்கியே ஆக வேண்டும். இறக்குவதென்று ஆனபின், பழையபடியே கட்டுவானேன், கொஞ்சம் பெரிதாக்கலாமே என்ற ஆசை வந்தது. ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். தேறியவை மூன்று: சிலிண்டரைப் பெரிதாகக் குடைவது, சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டைத் திருத்துவது, ஜப்பானின் 1800 இசுசு எஞ்சினைத் தூக்கிவைப்பது.

முதலில் குடைவது. பழைய அம்பாசடரின் பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) எஞ்சினில் சிலிண்டர் விட்டம் 73.025 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 88.9 மி.மீ., கொள்ளளவு 1489 சிசி. குடைந்தபின் போடும் ஓவர்சைஸ் பிஸ்டன்கள் அங்குலத்தில் ஆயிரத்தில் 20, 40, 60 பங்கு என்று வரும். பட்டறைப் பேச்சில் வெறும் ‘இருபது’, ‘நாற்பது’, ‘அறுபது’. கணக்குப் போட்டுப் பார்த்தேன். இருபதில் 1510 சிசி, நாற்பதில் 1531, அறுபதில் 1552. கடைசி எல்லைவரை போனாலும் கூடுவது 63 சிசி, அதாவது நூற்றுக்கு நான்கு சொச்சம். ‘அறுபது போட்டால் வண்டி பறக்கும்’ என்று சொல்கிறவர்கள், தேய்ந்த எஞ்சினோடு புதிதாகக் கட்டிய எஞ்சினை ஒப்பிட்டுச் சொல்கிறார்கள். ஸ்டாண்டர்டு அளவில் ஒழுங்காகக் கட்டியிருந்தாலும் அந்தப் பறப்பில் பெரும்பங்கு வந்திருக்கும்.

நம் கரையோர ஊர்களில் இன்னொரு சங்கடமும் உண்டு. ரேடியேட்டரில் கூலன்ட் ஊற்றும் பழக்கம் வருமுன் எல்லோரும் ஊற்றியது போர்வெல் தண்ணீர்தான். உப்பும் சுண்ணாம்பும் கலந்த அந்தத் தண்ணீர், சிலிண்டர் சுவரை வெளிப்பக்கமிருந்து ஆண்டுக்கணக்கில் அரித்திருக்கும். உள்பக்கமிருந்து நாம் குடைகிறோம். நடுவில் எவ்வளவு இரும்பு மிச்சம் என்பது கண்ணுக்குத் தெரியாது. என் மாமாவின் காரில் ஒரு பட்டறையில் சுவர் தடிமனைப் பார்க்காமலே அறுபது குடைந்து கொடுத்தார்கள். ஒரு மாதம் நன்றாக ஓடியது. பிறகு ஒரு காலையில் ஆயில் குச்சியை இழுத்தால், நுனியில் மோர் நிறத்தில் ஏதோ வழிந்தது. சுவர் விரிசல் விட்டுத் தண்ணீர் ஆயிலில் கலந்திருந்தது. உள்ளே புதுக் குழாய் இறக்கி, அதாவது ஸ்லீவ் அடித்துத்தான் அந்த பிளாக்கைக் காப்பாற்றினோம். இதே குடும்பத்தில் 76.2 மி.மீ. விட்டமுள்ள 1622 சிசி எஞ்சினும் இங்கிலாந்தில் இருந்தது. நம் பிளாக்கையும் அந்த அளவுக்குக் குடையலாமே என்று ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரே வார்த்தை: ஒவ்வொரு சுவரிலும் 1.6 மி.மீ. போய்விடும். வேண்டாம்.

அடுத்தது ஹெட். எனக்குப் பிடித்த வழி இதுதான் என்பதை மறைக்கவில்லை. பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு சுருக்குகிறது என்பதே அழுத்த விகிதம். இந்த எஞ்சின் குறைந்த விகிதமான 7.2-இலும், 8.3-இலும் வந்திருக்கிறது. அந்தக் காலத்துப் பெட்ரோலுக்கு 7.2 தேவைப்பட்டது, இப்போதைய பெட்ரோலுக்குத் தேவையில்லை. ஹெட்டின் அடிப்பக்கத்தைச் சீவினால் எரியறை சிறிதாகி விகிதம் கூடும். 7.2-ஐ 8.3 ஆக்கினால் ஏட்டுக் கணக்கில் திறன் நூற்றுக்கு நாலரை அளவு கூடுகிறது. அறுபது குடைந்து பெற்றதும் ஏறக்குறைய அவ்வளவுதானே! குடைவதில் கூடும் வேகத்துக்கு பெட்ரோலும் கூடக் கேட்கும், இதில் அதே பெட்ரோலில் வேலை கூடுகிறது. இரும்பும் மிச்சம்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஹெட்டைச் சீவக் கூடாது. நான் போன பட்டறையில் பெரியவர் ஒருவர் இருந்தார். ஹெட்டைக் குப்புறத் திருப்பி, வால்வும் பிளக்கும் மாட்டி, எரியறையின் வாய்மேல் கிரீஸ் தடவிய கண்ணாடித் தகடு ஒன்றை ஒட்டினார். அதன் துளை வழியே, பள்ளிக்கூட ஆய்வகத்தில் பார்ப்போமே அந்த பியூரெட்டில் இருந்து மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக இறக்கினார். கடைசிக் குமிழி வெளியேறியதும் அளவைச் சாக்பீஸால் தரையில் எழுதினார். நான்கு அறைகளும் நான்கு அளவு. பெரியதற்கும் சிறியதற்கும் மூன்று சிசி வித்தியாசம். “முதலில் இதைச் சமமாக்குவோம் சார், சீவுவதை அப்புறம் பேசலாம்” என்றார்.

இந்த ஹெட்டின் பிறவிக் குறை வேறு. நான்கு சிலிண்டருக்கு உள்வழி இரண்டே இரண்டு. இரண்டு சிலிண்டர்கள் ஒரே வாசலில் நின்று காற்றுக்கு முட்டிக்கொள்கின்றன. வெளிவழி மூன்று. வழியைத் தேய்த்து வழவழப்பாக்கலாம். பொது வாசலைத் தனி வாசலாக்க முடியாது. ஹெட்டைக் கழற்றியபோதே வெளிவால்வுகளுக்குக் கடின உருக்கு இருக்கை வைத்துவிடுவது நல்லது. பழைய இருக்கைகள் ஈயம் கலந்த பெட்ரோலை நம்பியவை. அந்தப் பெட்ரோல் 2000-இல் நாடு முழுக்க நின்றுவிட்டது. நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலந்த இ20 பெட்ரோலுக்காக ரப்பர் குழாய்களையும் பம்ப் டயாபிரத்தையும் மாற்றி, கார்பரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டை ஓரளவு பெரிதாக்கவும் வேண்டும். எத்தனால் லிட்டருக்குத் தரும் சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. பழைய ஜெட்டில் ஓட்டினால் கலவை மெலிந்து எஞ்சின் சூடேறும்.

மூன்றாவது இசுசு. வலுவை மட்டும் பார்த்தால் மற்ற இரண்டும் இதன் கிட்டே நிற்க முடியாது. விட்டம் 84, ஸ்ட்ரோக் 82 மி.மீ., 1817 சிசி, வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் ஹெட்டின் மேலேயே, ஐந்து கியர் வேறு. பிஎம்சியில் பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டுக்கு மூன்றே மெயின் பேரிங். கொஞ்சம் விரட்டினால் அதிர்வை ஸ்டீயரிங்கில் உணரலாம். 1990-களில் தொழிற்சாலையே இந்த இசுசுவை அம்பாசடரில் வைத்து விற்றதால், எஞ்சின் அறையில் இடமும் பொருத்துமுறையும் தெரிந்தவைதான். சென்னை புதுப்பேட்டையில் அலைந்தால் இதே எஞ்சினோடு வந்த கான்டெசா காரின் எஞ்சின் கிடைத்தாலும் கிடைக்கும். ஆனால் கான்டெசா நின்று இருபது ஆண்டுக்கு மேல் ஆகிறது. கிடைக்கும் எஞ்சினும் தேய்ந்ததாகவே இருக்கும். அதையும் பிரித்துக் கட்ட வேண்டும். செலவு இங்கேதான் இரட்டிப்பாகிறது. பழைய காரின் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். அந்த வேகத்தை அவை பிடித்து நிறுத்தாது.

இதற்கெல்லாம் மேலே ஆர்சி புத்தகம் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி, தயாரிப்பாளர் தந்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொன்னது. 1489 என்று பதிவான வண்டியில் 1817 உட்கார்ந்திருந்தால் எஃப்சி எனும் தகுதிச் சான்றுச் சோதனையில் மட்டுமல்ல, விபத்துக்குப் பின் காப்பீட்டுக்காரரிடமும் பேச்சு நீளும்.

என் வண்டியில் என்ன செய்தேன்? குடையுமுன் சிலிண்டர் மேல்விளிம்பில் விரலை வைத்தால் நகம் தட்டியது. அவ்வளவு படி விழுந்திருந்தது. இருபது குடைந்தால் சுவரின் தேய்மானக் கோடு போகாது என்று அளவு கருவி சொன்னது, சுவர் தடிமனையும் பார்த்துவிட்டு நாற்பதோடு நிறுத்தினோம். தேய்மானம் கேட்ட அளவு அது, என் ஆசை கேட்டதல்ல. மிச்சப் பணம் ஹெட்டுக்கும் கிராங்க் பேலன்சிங்குக்கும் போனது. மரக்காணம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையில் மெதுவாக ஓட்டி ஓட்டிப் பழக்கிய பிறகு கேப்பர் மலைக்குப் போனேன். பாதி ஏற்றம் நான்காம் கியரில் போனது. வளைவுக்கு முன் ஒரு மாட்டு வண்டி குறுக்கே வந்ததால் மீதியைச் சொல்ல முடியவில்லை.

மாமாவுக்கு இன்னும் இசுசு ஆசை தீரவில்லை. அவருக்கும், அவர் போன்றவர்களுக்கும் நான் சொல்வது: எஞ்சினைத் தேடாதீர்கள், ஆர்சி-யிலேயே 1817 என்று பதிவான அம்பாசடரைத் தேடுங்கள். வாங்குமுன் எஞ்சின் எண்ணைத் துடைத்துவிட்டுப் புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள். ஆயில் குச்சியையும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.